ஓடைக்கு அந்தப் பக்கம் நாடு

சிறு வயதில் எங்கள் வீட்டில் பலாக்காய் வேண்டுமென்றால் அம்மாயி சொல்வார்: "நாட்டுப்பக்கம் போய் ஒண்ணு வாங்கிட்டு வா." நாட்டுப்பக்கம் ஒன்றும் தூரதேசம் இல்லை. லயம் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு; அதற்குக் கீழே ஓடை, ஓடையின் மேல் இரண்டு மரங்களைப் போட்ட பாலம், பாலத்தைத் தாண்டினால் சிங்களக் கிராமம். அந்தக் கிராமத்துக்குத்தான் எங்கள் ஆட்கள் "நாடு" என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கே இருப்பவர்கள் நாட்டாளுங்க. அப்படியானால் ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்த இடம் எது என்று அன்று நான் யாரையும் கேட்கவில்லை. பின்னாளில் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயியின் அந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு துல்லியம் இருந்தது என்று விளங்கியது.

இலங்கையின் மலைநாட்டில் கண்டிச் சிங்களக் கிராமத்தவரும், தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒரே மழை, ஒரே மண்சரிவு, ஒரே தேயிலை. ஆனால் வறுமைக் கணக்கெடுப்பு வரும்போது எண்கள் ஓடையைப் போலவே நடுவில் பிரிந்து ஓடுகின்றன. 2019ஆம் ஆண்டுக்கான அரசின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாடு முழுவதும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம். நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. கிராமத்தில் ஏழு பேரில் ஒருவர் என்றால் தோட்டத்தில் மூவரில் ஒருவர். குழந்தைகளின் உடம்பிலும் இதே பிளவு தெரிகிறது. 2016இன் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 வீதம். தோட்டங்களில் ஏறக்குறைய 32 வீதம்.

இந்த ஆய்வுகள் மேலே சொன்ன எண்களை இனவாரியாகப் பிரிக்கவில்லை. நகரம், கிராமம், தோட்டம் என்று துறைவாரியாகப் பிரிக்கின்றன. தோட்டத்துறையில் சிங்களத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. கொழும்பிலும் ஹட்டனிலும் கடை வைத்துக் காலூன்றிய மலையகத் தமிழரும் உண்டு. ஆனாலும் தோட்ட லயங்களில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர் என்பதால், தோட்டம் என்று எழுதப்பட்ட இடத்தில் அவர்களைப் பார்ப்பது தவறாகாது.

இந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டால் உடனே வரும் பதில்கள் எனக்குப் பழக்கம். குடி, படிப்பில் அக்கறை இல்லை, சேமிக்கத் தெரியாது. கொழும்பில் படித்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லப்போனால் எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். குடிப் பிரச்சினை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஓடையின் இரு கரையிலும் வியர்வை ஒரே அளவில்தான் சிந்தப்பட்டிருக்கிறது. வேறுபட்டது காணி, வாக்கு, உள்ளூர் அரசு ஆகிய மூன்றும் யாருக்குக் கிடைத்தன என்பதுதான்.

கதையை நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் முதலில் காயப்பட்டது கிராமம். 1840இல் ஆங்கில அரசு கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை அரசுடையது என்றது. கண்டி விவசாயி வயலைக் கீழேயும் சேனையை மேலேயும் வைத்துப் பிழைத்தவன். சேனை என்றால் ஒரு துண்டைச் சில வருடம் பயிரிட்டு, பிறகு காடாக விட்டு, திரும்ப வருவது. ஆகவே அவன் நிலத்தின் பாதி எப்போதும் பயிரிடப்படாத நிலம்தான். மாடு மேய்த்த புல்வெளியும் விறகு பொறுக்கிய காடும் அப்படியே. ஓலை உறுதியோ அரச பட்டயமோ காட்ட முடியாதவர்களின் மேட்டுநிலம் கோப்பித் தோட்டமானது. 1897இன் தரிசுநிலச் சட்டம் மிச்சத்தையும் எளிதாக்கியது. தன் காட்டைப் பறித்தவனிடமே கூலிக்குப் போக, வயல் கையில் இருந்த கண்டி விவசாயி விரும்பவில்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துப் பஞ்சச் சனங்கள் ஆள்சேர்க்கும் கங்காணிகளின் கடனோடு கடல் கடந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. வாந்திபேதியில் வழியெல்லாம் பிணங்கள். கோப்பிக் காலத்தில் அவர்கள் பருவக் கூலிகள். பறிப்பு முடிந்தால் பலரும் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கப் பறிக்கவேண்டும். அதனால் கூலியும் வருடம் முழுக்க அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. இருப்பதற்குக் கட்டியது லயம்: பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை), முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு (திண்ணை). என் தாத்தா பிறந்த காம்பராவில்தான் நானும் பிறந்தேன். நடுவில் மாறியது கூரைத் தகரம் மட்டும்.

ஆக, ஒரே தோட்டம் இரண்டு சமூகங்களையும் காயப்படுத்தியது. ஒருவரிடமிருந்து நிலத்தை எடுத்தது. இன்னொருவரை நிலமே இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்தது. இரண்டு காயங்களுக்கும் சேர்த்து மருந்து போட்டிருக்கலாம். நடந்தது வேறு.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழருக்கு அது கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது. அப்படியிருந்தும் 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கவேண்டும். பிறப்புப் பதிவே அரிதாக இருந்த காலத்தில், லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்திருப்பார்கள்? இந்த நிபந்தனை தோட்டத்து மக்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழு இலட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதிகம் பேசப்படாத விஷயம் இதற்கு அடுத்தது. தொகுதிகளை வகுக்கும்போது குடித்தொகையைத்தான் கணக்கெடுத்தார்கள்; பிரசைகளை மட்டும் அல்ல. அதாவது நாடற்ற தமிழரின் தலைகளும் எண்ணப்பட்டே மலைநாட்டுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தது பெரும்பாலும் கிராமத்துச் சிங்களவர். எங்கள் எண்ணிக்கையால் வந்த பிரதிநிதி எங்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ரோட்டையும் பாடசாலையையும் வைத்தியசாலையையும் எந்தப் பக்கம் கொண்டுபோவார் என்பதை ஊகிக்க அரசறிவியல் படிக்கவேண்டியதில்லை.

கிராமத்துக்கு அவை போயின. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிராம விஸ்தரிப்புக்காக அரச காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. "இலங்கையர்" என்ற வரையறைக்குள் வராத தோட்டத்தாருக்கு அதில் இடமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்தில் மத்திய கல்லூரி எழும்பியபோது தோட்டத்தில் ஒரே வாத்தியார், ஒரே கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகக் கையேற்கத் தொடங்கியது 1970களில்தான். முப்பது வருடம் என்பது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்களும் கிளார்க்குகளும் தாதிகளும் உருவானார்கள்.

கிராமம் அதனால் செழித்துவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. கண்டி விவசாயிகளின் நிலைமையை ஆராய்ந்த ஆணைக்குழு 1951இல் அறிக்கை தந்தபோது அது காட்டியது காணிப்பசியும் வறுமையும்தான். பிறகு படிப்பு வந்தது, வேலை வரவில்லை. 1971இல் அரசுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய இளைஞர்கள் பெரும்பாலும் படித்து வேலையில்லாமல் இருந்த கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள். இன்றும் இலங்கையின் ஏழைகளை எண்ணினால், தலைக்கணக்கில் அவர்களில் பெரும்பாலானோர் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். அந்தக் கிராமத்தவரிடம் "உங்களுக்கு எல்லாம் கிடைத்தது" என்று சொன்னால் அவர் கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கோபப்பட ஒரு அலுவலகம் இருந்தது. கிராம சேவகர் இருந்தார், கூட்டுறவுக் கடை இருந்தது, தேர்தலில் தோற்கடிக்க ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். லயத்தில் கோபப்பட்டால் போய் நிற்கும் இடம் தோட்ட நிர்வாகியான துரையின் கந்தோர், அதாவது அலுவலகம், மட்டும்.

அப்படி நிற்க வேண்டியிருந்ததன் விலையை எங்கள் வீடு கொடுத்திருக்கிறது. தோட்டத்து விலாசத்தில் வீட்டிலக்கம் கிடையாது: பெயர், டிவிஷன், தோட்டம், ஹட்டன். தபால்காரர் லயத்துக்கு வரமாட்டார்; கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுவார்கள். என் பெரியம்மா மகனுக்கு அரச வேலை நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் கந்தோர் மேசையில் பதினொரு நாள் கிடந்து, தேர்வு முடிந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது. கடித உறையை அவர் வெகுகாலம் வைத்திருந்தார். மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கடிதக் கதை இருக்கும்.

கந்தோரைத் தாண்டி அரசு உள்ளே வருவதைச் சட்டமே தடுத்தது. கிராமப்புற உள்ளூராட்சிக்கான 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. நாங்கள் வாக்களித்துத் தேர்ந்த உறுப்பினர், எங்கள் லயத்து ரோட்டுக்கு ஒரு டிராக்டர் கல் கொட்ட முடியாது. திருத்தம் வந்தது 2018இல். அரச நிர்வாகக் கிளைகளான பிரதேச செயலகங்களின் அன்றைய கணக்கையும் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஐந்து பிரதேச செயலகங்கள். சிங்களவர் கூடுதலாக வாழும் கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஒவ்வொன்றிலும் ஓர் இலட்சம் பேர் அளவில். தமிழர் கூடுதலாக வாழும் நுவரெலியா, அம்பகமுவ இரண்டிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல். அடையாள அட்டைக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ அரச நிவாரணமான சமுர்த்திக்கோ போன தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு அன்று வரிசை இரட்டிப்பு. அந்த நாள் சம்பளமும் போயிற்று. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகளை உண்டாக்கியதே 2018 தேர்தலை ஒட்டித்தான்.

இத்தனையும் ஒரு பக்கம். காணிதான் எல்லாவற்றுக்கும் அடி. அதைப் புரிந்துகொள்ளத் தேயிலையையே பார்த்தால் போதும்.

இலங்கைத் தேயிலையின் 70 வீதத்துக்கு மேல் இப்போது பெருந்தோட்டங்களிலிருந்து வருவதில்லை. சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் அதிகம். கண்டி, நுவரெலியா ஓரங்களிலும் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களக் கிராமத்தவர். கால் ஏக்கர், அரை ஏக்கர், ஒரு ஏக்கர். அவர்களுக்கென்று தனி அதிகாரசபை உண்டு. மறுநடுகைக்கு மானியம் உண்டு. கொழுந்தைத் தொழிற்சாலை எடுத்தால், ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று சூத்திரமே இருக்கிறது. விலை ஏறினால் அந்த வீட்டில் வெளிச்சம் ஏறும். காணியை ஈடுவைத்து மகளைப் படிக்க அனுப்பலாம். ஊடுபயிராக மிளகு போடலாம், ஓரத்தில் பலா வைக்கலாம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் அதே கொழுந்தைப் பறிக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது "பேர்". காலை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, மலையேறிப் பறித்து, தராசில் நிறுத்து, பல தோட்டங்களில் 18 கிலோ வந்தால் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், விழும். தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பது போக இலக்கு வராவிட்டால் அரைப்பேர். மாலையில் லயத்துக் குழாயடியில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்பது "எத்தனை ரூவா" என்று இல்லை, "பேரா, அரைப்பேரா?" என்றுதான். 2021இல் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டம்பரில் 1,350. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் அன்று கையில் 1,242 ரூபா. மாதத்தில் 25 நாளும் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஏலத்தில் விலை ஏறினாலும் பேரின் விலை ஏறாது. அரசின் அடுத்த வர்த்தமானி அறிவிப்புக்குக் காத்திருக்கவேண்டும்.

காணி கேட்டுப் பார்க்கவில்லையா என்றால், கேட்டார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அன்று ஒரு துண்டாவது உழைத்தவர்களுக்கு எழுதப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிராது. பல இடங்களில் பிரிக்கப்பட்ட காணி சுற்றியிருந்த கிராமத்தவருக்குப் போயிற்று; லயத்தில் இருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். தோட்டங்களில் பஞ்சம் வந்த அந்த வருடங்களில் மரவள்ளிக் கிழங்கு தேடி நடந்தவர்களின் கதையை அம்மாயி சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார். 1977இல் டெவன் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்று எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மீது பொலிஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் செத்தார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் கம்பனியின் பொறுப்பு. அதில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் வெறும் குடியிருப்பாளர்.

இதற்கு நடுவே நாட்டின் குடித்தொகையில் எங்கள் பங்கே பாதியாயிற்று. 1946இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் நாட்டின் 11.7 வீதம், 1981இல் 5.5. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதியது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களைத்தான் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் தேயிலைச் செடிக்கு நடுவே பார்க்கலாம். எஞ்சியவர்களின் பிரசாவுரிமைச் சிக்கலை முழுதாகத் தீர்த்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம்.

மாற்றமே இல்லை என்று எழுதினால் அது பொய். வறுமை வீதம் இடையில் நன்றாகவே இறங்கியது. தோட்டத்தில் 2006/07இல் 32 வீதமாக இருந்தது 2016இல் 8.8 ஆனது. அன்றைய கோட்டின்படி கிராமத்தில் 4.3. பிறகு கோட்டையே மாற்றி வரைந்ததால் 2019இன் 33.8ஐ அதோடு நேராக வைத்துப் பார்க்கக்கூடாது. ஆனால் எந்தக் கோட்டில் பார்த்தாலும் தோட்டம் கிராமத்தைப்போல இரு மடங்கில் நிற்கிறது. இறங்கிய அந்த வறுமையையும் இறக்கியது பெரும்பாலும் கொழுந்து அல்ல. கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய்மாரும். ஆசிரியர் தொழில் ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டது. இந்தியாவின் வீடமைப்புத் திட்டத்தில் 4,000 வீடுகள் எழும்பின. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 அறிவித்தார். 7 பேர்ச், அதாவது சுமார் 1,900 சதுர அடி, காணியில் தனி வீடு. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்தவர்களுக்கு, ஆபத்தில்லாத இடத்தில் ஒரு தனிச்சுவர் என்றால் என்ன என்று தெரியும்.

ஆனால் 7 பேர்ச்சில் வீடு நிற்கும், வாழ்வாதாரம் நிற்காது. கிராமத்து ஏழைக்குக் கஷ்டகாலத்தில் கைகொடுப்பது வீட்டைச் சுற்றியிருக்கும் அந்தக் கால் ஏக்கர்தான். 2022இல் அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போனபோது ஓடைக்கு அந்தப் பக்கம் பலாவும் கிழங்கும் வீட்டுத்தோட்டத்து மிளகாயும் இருந்தன. இந்தப் பக்கம் இருந்தது ரொட்டியும் வெறும் சாயத் தேத்தண்ணியும். அம்மாயி காலத்தைப் போலவே அந்த வருடமும் பிள்ளைகள் பலாக்காய்க்குப் பாலம் கடந்தார்கள். சில நாட்டாளுங்க காசு வாங்காமலே கொடுத்தனுப்பினார்கள். அதையும் பதிந்து வைக்கிறேன்.

இப்போது கம்பனிகள் புதிய ஏற்பாடு ஒன்றைப் பேசுகின்றன. நாட்சம்பளத்துக்குப் பதிலாக ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுப்பது. உரம் கம்பனி தரும். பராமரித்துப் பறிக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு. சில தோட்டங்களில் தொடங்கியும் விட்டது. உறவுக்காரப் பெண் ஒருத்தி, முப்பது வருடம் கொழுந்தெடுத்தவள், இதை விளக்கிச் சொன்ன தம்பியிடம் நிதானமாகக் கேட்டாள்: "சரி தம்பி, செடி யார் பேர்ல எழுதுவாங்க?"

அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செடி கம்பனியுடையது; நிலம் அரசாங்கத்துடையது. அவள் பேர் கடைசிப் பக்கத்தில், கைநாட்டு வைக்கவேண்டிய கோட்டுக்குக் கீழே இருந்தது.